மழைக்காலப் பார்சல்: வாசல் பெட்டியா, மளிகைக் கடையா, கூரியர் கிளையா, டவுன் கடையா?

பொருளை ஒப்படைத்துவிட்டதற்குச் சான்றாகக் கூரியர் நிறுவனம் அனுப்பிய படத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை காய்ந்து கிடக்கிறது. படம் எடுக்கப்பட்ட நேரம் பிற்பகல் 2.40. தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில், இண்டூருக்கு அருகே உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் பகுதியில் அன்று மழை பிடித்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. நானும் மனைவியும் வேலை முடிந்து திரும்பியபோது ஆறரை. ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டிய தண்ணீர் மிகச் சரியாகப் பார்சலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தூக்கினேன்; அட்டையின் பக்கங்கள் மட்டும் கையோடு வந்தன, அடிப்பாகம் ஊறிய அப்பளம்போலத் திண்ணையிலேயே ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது மகளின் படிப்புக்காக வாங்கிய டேப்லெட். அன்றிரவு நன்றாகவே இயங்கியது. நான்காம் நாள் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் சார்ஜர் சொருகும் துளைக்குள் பச்சை பூத்திருப்பதைக் காட்டி, “தண்ணி போயிருக்கு சார், வாரன்டியில வராது” என்றார்கள். விற்றவரோ அந்தக் காய்ந்த திண்ணைப் படத்தைக் காட்டினார்.

அதற்குப் பிறகு வெவ்வேறு வழிகளில் மின்னணுப் பொருள்களை வாங்கிப் பார்த்துவிட்டேன். அவற்றை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல்கள் இரண்டு. பார்சல் எத்தனை மணி நேரம் ஆள் பார்வையின்றிக் கிடக்கிறது என்பது முதலாவது. பழுதானால் நட்டம் யார் தலையில் விழும் என்பது இரண்டாவது. பெரும்பாலானோர் முதலாவதை மட்டுமே யோசிக்கிறார்கள். என் அனுபவத்தில் பணத்தைத் தின்றது இரண்டாவதுதான்.

ஊரின் வானிலையைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நகராது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சித்திரை, வைகாசியில் காற்றோடும் சில நாள் ஆலங்கட்டியோடும் வரும் கோடை மழையானாலும், புரட்டாசி, ஐப்பசியின் இடி மழையானாலும், பெரும்பாலும் மாலையில்தான் இறங்கும். டெலிவரி வண்டி எங்கள் பக்கம் வருவதோ முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். அந்த நேரத்தில் வானம் வெளுத்திருக்கும், தரை சுடும், டெலிவரிக்காரர் எடுக்கும் படமும் அழகாக விழும். மழை பிடித்ததிலிருந்து நாம் வீடு திரும்பும்வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் பொருள் நனைகிறது.

நனைந்தால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரி கெடுவதில்லை. செல்போன், டேப்லெட், லேப்டாப் ஆகியவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பேட்டரியில் ஓரளவு சார்ஜோடு வருகின்றன. தூசியும் உப்பும் கரைந்த தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே மின்னழுத்தம் உள்ள இடங்களில் உலோகம் அரிக்கத் தொடங்கிவிடும். டிவி, பிரிண்டர், ரௌட்டர் போன்றவற்றில் அப்படி மின்சாரம் தேங்கி நிற்பதில்லை; முழுவதும் உலரும்வரை இயக்காமல் இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் டிவியின் கீழ் விளிம்பு வழியாகத் திரையின் அடுக்குகளுக்குள் ஈரம் ஏறினால் கறை போகாது. சாதாரண ஹார்டு டிஸ்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருப்பதால், அது நனைந்த பெட்டியில் வந்தால் நான் தொடவே மாட்டேன். போனில் ஐபி 67 என்று தண்ணீர் புகாமைக்கான தரக்குறி போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் வைத்துப் பார்த்த சோதனையைக் குறிக்கிறது, அந்தக் குறி உள்ள போன்களுக்கும் தண்ணீரால் வரும் பழுது பொதுவாக வாரன்டியில் சேராது. பல போன்களுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வில்லை ஒன்றை ஒட்டியே அனுப்புகிறார்கள்.

முதலில் நான் நாடியது வாசல் பெட்டியை. வெல்டிங் பட்டறையில் சொல்லி, சரிவான மூடியும் ரப்பர் பீடிங்கும் அரையடி உயரக் கால்களும் வைத்த ஒரு தகரப் பெட்டியைக் கேட்டுக்கு உள்பக்கம் நிறுத்தினேன். செலவு மூவாயிரத்துச் சொச்சம். இதே வேலைக்குத் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்மைப் படுக்கவைத்துப் பயன்படுத்தும் வீடுகளும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். மழையைப் பொறுத்தவரை பெட்டி சொன்ன சொல் தவறவில்லை. பங்குனி பிறந்ததும்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த அந்தப் பெட்டிக்குள் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன். 52 டிகிரி காட்டியது. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை அணைத்து வைத்திருக்கும்போதுகூட 45 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே தென்னங்கீற்றுப் பரப்பி, வேப்பமர நிழலுக்கு நகர்த்திய பிறகு 43க்கு இறங்கியது. நடுவில் ஒரு வாரம் குளவி கூடு கட்டி, டெலிவரிக்குப் போன பையன் கையை உதறிக்கொண்டு ஓடி வந்த கதையும் உண்டு. எண் பூட்டின் மூன்று இலக்கங்களை ஒருவரிடம் போனில் சொன்னால் ஒரு மாதத்தில் அந்தத் தடத்தில் வருகிற எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகுமாறு சொன்னவர் நாம். அந்த நொடியிலேயே ஒப்படைப்பு முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்படும். வழியில் எங்கோ நனைந்து, ஓரளவு உலர்ந்து வந்த பார்சலைக்கூட அதைக் கொடுத்தவர் முன்னிலையில் பார்க்கும் வாய்ப்பை நாமே விட்டுக்கொடுக்கிறோம். எனவே முதல் அளவுகோலில் நல்ல மதிப்பெண் வாங்கும் பெட்டி, இரண்டாவதில் தோற்றுவிடுகிறது. சார்ஜர், கேபிள், இயர்போன் போன்ற ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ப் பொருள்களுக்கு அதுவே போதும். அதற்கு மேல் போனால் எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்தது மளிகைக் கடை. எங்கள் சாலை முக்கில் கடை வைத்திருப்பவரை நான் அண்ணா என்றுதான் அழைப்பேன். காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுவரை கடை திறந்திருக்கும், கூரை கான்கிரீட், வண்டி நிற்க இடமுண்டு. முகவரியில் கடையின் பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கிய பிறகு, வந்த பொருள் எதுவும் நனையவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதல் பார்சலையே அவர் உப்பு மூட்டைமேல் வைத்துவிட்டார். ஐப்பசி மாதத்தில் உப்பு மூட்டை எப்படி நீர் விட்டுக்கொண்டு நிற்கும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அட்டையின் அடிப்புறம் சில்லென்று ஈரம் ஏறியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்ததால் தப்பித்தோம். சொன்னதும் அவர் இடத்தை மாற்றி அரிசி மூட்டைக்கு மேலிருக்கும் பலகையை ஒதுக்கித் தந்தார். பெட்டி ஈரமாக இருந்தால் வாங்கவே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றபோது மட்டும், “தம்பி, வாங்கி வெக்கச் சொன்னா வெக்கறேன், அவனோட மல்லுக்கட்ட என்னால ஆகாது” என்றார். அவர் சொன்னதில் நியாயமுண்டு. மழையில் நனைந்தபடி நின்று, பையை மட்டும் தார்ப்பாயால் மூடிக்கொண்டு அவசரப்படுத்தும் ஒரு பையனிடம் இன்னொருவர் பொருளுக்காக அவர் ஏன் வாதாட வேண்டும்? இந்த உதவிக்குக் கூலி கிடையாது. ஆனால் மாதச் சாமானை வேறு கடையில் வாங்கினால் முகம் மாறும். அதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

அலுவலக முகவரி கொடுப்பது பலருக்கு எளிது. எனக்கும் சில முறை ஒத்துவந்தது. ஆனால் சனி, ஞாயிறில் வந்தால் வாட்ச்மேன் அறையில் கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் கடைசி இருபது கிலோமீட்டரில் மழை பிடித்தால் நனைப்பது நம் கையாகவே இருக்கும். டூவீலரில் போகிறவர்கள் உள்ளே பிளாஸ்டிக் பை வைத்த பழைய உரச் சாக்கு ஒன்றைக் கழுவிக் காயவைத்துச் சீட்டுக்கடியில் மடித்து வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்ல மழையுறையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, தருமபுரியில் உள்ள கூரியர் கிளைக்கு நாமே போய் வாங்கிக்கொள்வது. பார்சல் கிளைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் போன் செய்து, வண்டியில் ஏற்ற வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் போனால் பையன்கள் மூட்டை பிரித்துக்கொண்டிருப்பார்கள். சற்றுத் தாமதித்தால் நம் பார்சல் நமக்கு முன்பே ஊருக்குக் கிளம்பியிருக்கும். அலைச்சலும் பெட்ரோலும் அரை நாள் அனுமதியும் உண்டுதான். ஆயினும் இரண்டு அளவுகோல்களிலும் சேர்த்துப் பார்த்தால் ஆன்லைன் வழிகளில் இதற்கே முதலிடம் தருவேன். காரணம், பொருள் நம் கைக்கு வரும்வரை பொறுப்பு அவர்களுடையது, பெட்டியின் ஆறு பக்கங்களையும் அங்கேயே திருப்பிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் வசதியும் நம்முடையது.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபெங்கல் புயல் கரையைக் கடந்த பின் 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது, அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. சாலையோரம் நின்ற பஸ்களையும் வேன்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. இங்கே அரூரிலும் 30 செ.மீ.க்கு மேல் பதிவானது. கூரியர் கிளை என்பது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த ஷட்டர் கடை, பார்சல்கள் தரையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். புயல் அறிவிப்பு வந்த வாரத்தில் எந்த வழியும் சரிப்படாது. ஆர்டரையே ஒரு வாரம் தள்ளிப் போடுவதுதான் உத்தமம்.

பொருளைக் கொடுக்கும்போது நம் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கும் ஓடிபி முறையையும், நம் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டும் முறையையும் தனி வழியாகச் சொல்ல மாட்டேன்; எந்த வழியோடும் சேர்த்துக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு அவை. விலையுயர்ந்த போன்களுக்குப் பிரித்துக் காட்டும் வசதி கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். “அண்ணா, மழ வர்ற மாதிரி இருக்கு, ஓடிபி சொல்லிட்டீங்கன்னா வாசல்ல வெச்சிட்டுப் போயிடறேன்” என்று போன் வரும். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு நாள் கூலி பார்சல் எண்ணிக்கையில்தான். ஆனால் அந்த எண்ணைச் சொல்வதும் பொருளை நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். நாளை கொண்டுவரச் சொல்லலாம்.

டவுன் கடையை இந்த வரிசையில் சேர்ப்பதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். டிவி வாங்குவதாக இருந்தால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கடையில் திரையை ஓடவிட்டுப் பார்த்து, பில் வாங்கி, அவர்கள் வண்டியிலேயே கொண்டுவந்து சுவரில் மாட்டச் சொன்னால், மழை இடையில் வந்தாலும் அது அவர்கள் கவலை. ஆன்லைன் விலையைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூடலாம். நம் மொழியில் முகம் பார்த்துப் பேசிக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. லேப்டாப்பில் மட்டும் கேட்ட மாடல் கடையில் இருப்பதில்லை, இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்குக் கூரியர் கிளையே மேல்.

எந்த வழியில் வாங்கினாலும் பார்சல் ஈரமாகக் கைக்கு வந்துவிட்டால், இயங்குகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டக் கூடாது. நான் செய்த தவறு அதுதான். அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் வைப்பதும் உதவா. முகவரிச் சீட்டு தெரியும்படி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். அன்றே புகார் எழுத வேண்டும். நனைந்த அட்டையைத் தூக்கி எறியக் கூடாது. நான் எறிந்துவிட்டேன், அதனால் கையில் ஆதாரம் இல்லாமல் நின்றேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கவும் முடியாது. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நாம் ஓசூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள்வரை அவகாசமுண்டு.

இப்போது எங்கள் வீட்டில் போனும் லேப்டாப்பும் கிளையிலிருந்து வருகின்றன, டிவி டவுனிலிருந்து வந்தது, நடுத்தர விலைப் பொருள்கள் மளிகைக் கடைக்குப் போகின்றன, கேபிளும் சார்ஜரும் பெட்டியில் விழுகின்றன. ஒப்படைப்புக்குச் சான்றாகக் கூரியர் நிறுவனம் அனுப்பும் படங்களில் திண்ணை வருவதில்லை. அரிசி மூட்டையும், பலகைமேல் பார்சலும், ஓரத்தில் பாதி விழுந்த அண்ணனின் தோளும் வருகின்றன.