ஸ்பிரிங் டாம்பர்: பல கைகள் புழங்கும் கடையில் என் அனுபவம்

திருநெல்வேலியில், யாழ் பல்கலைக்கழகப் பக்கம், சின்னக் கோப்பிக் கடை நடத்துகிறேன். எஸ்பிரஸோ மெஷினில் நிற்பவர்கள் நேரத்துக்கு நேரம் மாறுவார்கள். ஒருவர் தூளை ஓங்கி அமத்துவார், இன்னொருவர் தொட்டும் தொடாமலும் விடுவார். "தம்பி, நேற்றையான் கோப்பி இல்லை இது" என்று ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கியதும் தூளை அமத்தும் சாதாரண டாம்பரை விட்டு, உள்ளே ஸ்பிரிங் வைத்த டாம்பருக்கு மாறினோம். மாரி, கோடை இரண்டையும் அது பார்த்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. வெளி வளையம் பாஸ்கெட்டின், அதாவது தூள் போடும் துளைக் கிண்ணத்தின், விளிம்பில் உட்காரும். கைப்பிடியை அமத்தினால் அடித்தட்டு நேராக இறங்கித் தூளை இறுக்கும். ஸ்பிரிங் முழுக்க அமர்ந்து கைப்பிடி நின்றால் சரி, 30 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 13.6 கிலோ விழுந்துவிட்டது. அதற்குமேல் எவ்வளவு அமத்தினாலும் அந்தப் பாரம் விளிம்புக்குப் போகும், தூளுக்குப் போகாது.

ஆனால் 30 என்ற இலக்கத்தில் மந்திரம் ஏதுமில்லை. மெஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் தள்ளுகிறது. 58 மில்லிமீற்றர் பாஸ்கெட்டின் பரப்புக்கு அதைக் கணக்குப் பார்த்தால் 240 கிலோவுக்குக் கிட்ட வரும். அதற்கு முன்னால் நம் கைப்பலம் எம்மாத்திரம்! தூளுக்குள் இருக்கிற காற்று இடைவெளி போனால் போதும். உண்மையில் கோப்பியைக் கெடுப்பது சரிவுதான். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் இளகிய இடத்தைப் பிடித்து ஓடிவிடும். அந்த இடம் கைத்துப்போகும், மற்ற இடத்தில் சாறே இறங்காது. அடி திறந்த போட்டாபில்டரில் (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியில்) இதைக் கண்ணால் பார்க்கலாம்: நடுவில் ஒரே வாலாக விழவேண்டிய கோப்பி ஓரத்தில் ஊசிபோலப் பீய்ச்சும். எங்கள் மேசை கொஞ்சம் உயரம். உயரம் குறைந்த பிள்ளைகள் முன்பு சரித்துத்தான் அமத்துவார்கள். வளையம் வந்தபிறகு அந்தப் பீய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், காசு கொடுப்பது ஸ்பிரிங்குக்கு இல்லை, அந்த வளையத்துக்குத்தான்.

இன்னொரு நன்மையும் உண்டு. 18 கிராம் தூளில் 36 கிராம் கோப்பி 25 முதல் 30 செக்கனுக்குள் இறங்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். மாரியில் காற்று ஈரமானதும் இந்த நேரம் ஆடும். முன்பு கையா, கிரைண்டரா என்று தெரியாமல் தடுமாறினோம். இப்போது அமத்தல் மாறாததால் நேரே கிரைண்டருக்குப் போகிறோம்.

குறைகளும் இருக்கின்றன. வளையத்துக்கும் தட்டுக்கும் நடுவே நுண்தூள் ஏறிக் கைப்பிடி இழுபடும். கடை பூட்டும் முன் கழற்றி, காய்ந்த தூரிகையால் தட்டவேண்டும். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. அடித்தட்டின் புரி தானாக இளகும், அடிக்கடி இறுக்குங்கள். தூளைக் குறைத்துப் போட்டால் தட்டு தன் எல்லையில் நின்றுவிடும், முழு அழுத்தம் கிடைக்காது. ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்க்க, தூள் நிறைத்த பாஸ்கெட்டை ஆள் நிறுக்கும் தராசில் வைத்து அமத்திப் பார்ப்பேன். இதுவரை பெரிய மாற்றமில்லை.

வாங்கமுன் பாஸ்கெட்டின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கடை மெஷின்கள் பெரும்பாலும் 58 மில்லிமீற்றர், வீட்டு மெஷின்களில் 51, 54 எல்லாம் உண்டு. 58.5 தட்டு ஓரத்தில் தூள் விடாது, நல்லதுதான். ஆனால் சில 58 பாஸ்கெட்டுகளில் அது இறங்கவே இறங்காது.