பருத்தியும் ஆளியும்: இழையிலிருந்து துணி வரை

பருத்தி இழை விதையின் தோலில் வளர்வது. லினன் துணிக்கான ஆளி இழையோ தண்டின் பட்டைக்குள் அமைந்திருப்பது. இரண்டின் தயாரிப்பு முறைகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

காய் வெடித்ததும் பருத்தி ஏறக்குறைய தூய செல்லுலோஸாகவே, அதாவது தாவர நார்ப்பொருளாகவே, கைக்குக் கிடைக்கிறது. விதையைப் பிரிப்பதுதான் நெடுங்காலம் தடையாக இருந்தது; 1794-இல் அமெரிக்கரான எலி விட்னி காப்புரிமை பெற்ற எந்திரம், குட்டை இழைப் பருத்தியில் அந்தத் தடையை நீக்கியது. அதன்பின் இழைகளை வாரி, இணையாக்கி, முறுக்கினால் நூல் கிடைத்துவிடும்.

ஆளி அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. விதைத்து ஏறத்தாழ 100 நாட்களில், இழையின் முழு நீளமும் கிடைக்கும்பொருட்டு, செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்குகிறார்கள். பிறகு வயலில் பனியிலோ நீரிலோ கிடத்தி ஊற வைக்கும்போது, இழைகளைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. இதுவே மிக நுட்பமான கட்டம். ஊறல் குறைந்தால் இழை பிரியாது, மிகுந்தால் இழையே நைந்துபோகும். உலர்ந்த தண்டை நொறுக்கி, சக்கையைத் தட்டி நீக்கி, சீப்பால் வாரிய பின்னரே நீண்ட இழைக்கற்றை கிடைக்கிறது. மெல்லிய நூல் வேண்டுமெனில் ஈரத்திலேயே நூற்க வேண்டும்.

பருத்தித் துணி மென்மையானது, சாயத்தை நன்கு ஏற்பது. லினன் எளிதில் கசங்கும். ஆயினும் உறுதியிலும் ஈரத்தை விரைந்து வெளியேற்றுவதிலும் அதுவே மேல். வெப்ப நாட்களுக்கு நான் லினனையே பரிந்துரைப்பேன். அன்றாடம் துவைத்து உடுத்தவும் குழந்தைகளுக்கும் பருத்தியே பொருத்தம்.