வனத்து அந்தோனியார்: செப்பிலும் மரத்திலும்

பாலைவனத்தில் தவமிருந்த கிறிஸ்தவத் துறவி வனத்து அந்தோனியாரைப் பேய்கள் வானில் தூக்கிவைத்து வதைக்கும் காட்சியை இருவர் அச்சில் தந்திருக்கிறார்கள். கொல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்காவர் 1470களில் செப்புத் தகட்டில் செதுக்கினார். லூக்காஸ் கிரானாக் 1506இல் மரக்கட்டையில் செய்தார்.

முதலில் ஷோன்காவரைப் பாருங்கள். சுற்றிலும் வெற்று வானம், கீழே மூலையில் கொஞ்சம் பாறை, அவ்வளவுதான். ஒரு பேய் தடியை ஓங்குகிறது, இன்னொன்று அங்கியைப் பிடித்து இழுக்கிறது. ஒன்றின் உடம்பில் மீன் செதில், வேறொன்றுக்கு முள். எல்லாம் தலைமுடி அளவுக் கோடுகள். தகட்டில் கீறிய பள்ளத்தில் மை தங்கி, அழுத்தும்போது தாளில் ஏறுவதால்தான் இந்த நுணுக்கம் கைகூடுகிறது. இத்தனைக்கும் நடுவில் அந்தோனியாரின் முகத்தைப் பாருங்கள்: பயமே இல்லை, களைத்துப்போன பொறுமை மட்டும்தான். எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும். சிறுவன் மைக்கலாஞ்சலோ இதைப் பார்த்து வண்ணத்தில் வரைந்தார், செதில்களுக்காக மீன் சந்தைக்கே போனார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

கிரானாக்கின் படம் அளவில் பெரிது. மரத்தில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் கோட்டில் மை தடவுவார்கள். அதனால் கோடு தடிப்பாக விழும். பேய்க்கூட்டம் பின்னிக் கிடப்பதில் துறவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கீழே மரமும் மலையும் கொண்ட நிலக்காட்சி அழகு.

ஒன்றுதான் என்றால், எனக்கு ஷோன்காவர்.