விலையில்லா கிரைண்டர்: பன்னிரண்டு வருடம் மாவாட்டிய பிறகு

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

2013-இல் எங்கள் ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் ஒரே நாளில் கிடைத்தன. மின்விசிறி மகனோடு கல்லூரி விடுதிக்குப் போனது, திரும்பி வரவில்லை. மிக்சி சட்னிக்குப் போதும். இந்த மதிப்புரை கிரைண்டருக்கு மட்டும்.

மேடைமேல் வைக்கும் சின்ன வகை. ஒரு ஈடுக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுவேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்துக்குள் பஞ்சு மாதிரிப் பொங்கி வரும். மாவு சூடாகாது. மிக்சியில் அரைத்து இட்லி கல்லாகிப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்றால், அரிசியை அவசரப்பட்டு நிறையப் போட்டால் பெல்ட் நழுவும். இதுவரை இரண்டு பெல்ட் மாற்றியிருக்கிறேன். டிரம்மைத் தூக்கிக் கவிழ்த்துத்தான் மாவை வழிக்க வேண்டும் என்பதால் முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. மற்றபடி பழுதில்லை. ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன்.

விலை? அரசு வைத்த பெயரே "விலையில்லா". இலவசம் என்று சொல்லக் கூடாதாம்.

இந்தக் கிரைண்டரை வைத்துத்தான் நான் மாவு விற்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் வேலை பார்த்த விசைத்தறிப் பட்டறை நின்றுபோன வருடம் அது. முதலில் பக்கத்து வீட்டு அக்கா தூக்குப்போசியோடு வந்தார். பிறகு தெருவில் பாதி வீடு. ஆகவே இது எனக்கு உதவவில்லை என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். ஆனால் இதைக் காட்டி என்னிடம் நன்றி வசூலிக்க வந்தாலும் சண்டைக்குப் போவேன். 2023 இடைத்தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த தம்பி ஒருவர் கிரைண்டர் மேலிருந்த ஜெயலலிதா படத்தைக் காட்டி, "பாருங்கக்கா, மறந்துடாதீங்க" என்றார். மறுநாள் எதிர்த்தரப்பு ஆள் வந்து, "அந்த ஸ்டிக்கரை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்றார். மாவுத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தப் படத்தில் பாதி முகம்தான் மிச்சம். ஆட்டியது நான், பெல்ட் மாற்றியது நான், மின்கட்டணம் கட்டியது நான்.

நான் ஈரோடு கிழக்குத் தொகுதிக்காரி. 2021 ஏப்ரலில் ஓட்டுப் போட்டேன். 2023 பிப்ரவரியில் ஒரு இடைத்தேர்தல், 2025 பிப்ரவரியில் இன்னொன்று, நடுவில் 2024-இல் நாடாளுமன்றம். நான்கு வருடத்துக்குள் நான்கு முறை விரலில் மை. எம்.எல்.ஏ.வாக இருந்த மகனும், அவருக்குப் பின் ஜெயித்த அவர் தந்தையும் அடுத்தடுத்துத் தவறியதால் வந்த இடைத்தேர்தல்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் இடைத்தேர்தல் சமயத்தில் எங்கள் தெரு ஆட்களைக் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார வைத்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. மாலையில் பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பினார்கள். என் மாவு விற்பனை பாதியாகப் படுத்துவிட்டது. பிரியாணி தின்ற வயிற்றுக்கு யார் இட்லி ஊற்றுவார்கள்? 2025-இல் அதிமுகவும் பாஜகவும் போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள, விற்பனை கொஞ்சம் பரவாயில்லை. அதில் உதயசூரியனில் ஜெயித்தவர், 2011-இல் இதே தொகுதியில் முரசு சின்னத்தில் ஜெயித்தவர்தான். அப்போது அவர் இருந்தது, கிரைண்டர் தருகிறோம் என்று வாக்குறுதி கொடுத்த கூட்டணியில்! ஆக என் கிரைண்டர் மட்டும்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

வியாபாரம் கூடியதும் சின்னக் கிரைண்டர் போதவில்லை. 2022 ஜூன் மாதம் கடைவீதியில் ஐந்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் (டிரம்மைத் தூக்காமல் சாய்த்தே மாவை வழிக்கும் வகை) ஒன்றைப் பார்த்துவைத்தேன். வரி சேராமல் 12,500 ரூபாய். கடைக்காரரே, "அவசரமில்லைன்னா ஆடித் தள்ளுபடிக்கு வாங்கம்மா" என்றார். அந்த வருடம் ஆடி பிறந்தது ஜூலை 17. அதற்கு முந்தின நாள் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, இலவசம் கொடுத்து ஓட்டு வாங்குவதை 'ரேவடி' கலாச்சாரம் என்று சாடினார். ரேவடி என்பது வடக்கே சாப்பிடும் எள் மிட்டாய். தொலைக்காட்சியில் அன்றைக்கெல்லாம் அதே விவாதம், என் கிரைண்டரைத்தான் திட்டுகிறார்கள் என்று வீட்டில் சிரித்தோம். ஆடி இரண்டாம் நாள், ஜூலை 18-இல், கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. சிரிப்பு நின்றது.

தள்ளுபடி என்று கடைக்காரர் கொடுத்தது ஒரு ஹாட்பாக்ஸ். பில்லில் இரண்டு வரி இருந்தது: மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம் 1,125 ரூபாய், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் 1,125 ரூபாய். அந்தப் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான அரசியல் பேச்சை நான் வேறெங்கும் படித்ததில்லை. எங்கள் ஊர் மேடைகளில் அது ஒன்றிய அரசின் வரி. டெல்லியைக் கேட்டால், ஜிஎஸ்டி கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் உட்கார்ந்து எடுத்த முடிவு. ஒன்றியமோ மத்தியமோ, பெயரில்தான் சண்டை. வசூலில் ஆளுக்குச் சரிபாதி, ஒரு ரூபாய் கூடக் குறைச்சல் இல்லை.

அதே ஜூலை 18-இல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கும் 5 சதவீதம் வரி வந்தது. அரிசிக்கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், 26 கிலோ பை போட்டுவிட்டார்கள். நான் இன்றுவரை 26 கிலோ பைதான் வாங்குகிறேன். அந்த ஒரு கிலோவைச் சுமப்பது என் மகன்.

ரேவடி என்று சொன்ன கட்சியின் மத்தியப் பிரதேச அரசு, 2023-இல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. இங்கேயும் அதே வருடம் செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நானில்லை. ஆனால் விதிமுறையைப் படித்ததும் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டேன். வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குக் கிடையாது. கிரைண்டர் அவ்வளவு குடிக்காது, மாவு வைக்கும் இரண்டு பிரிட்ஜும்தான் காரணம். ஒரு ஆட்சி கொடுத்த கிரைண்டரில் பிழைப்பைத் தேடிக்கொண்டதால் அடுத்த ஆட்சியின் கணக்கில் நான் வசதியானவள்.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் 500 யூனிட்டைத் தாண்டியதும் பில் எகிறுகிறது. மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. நானும் நம்பி, மாவு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். 2025 பிறந்த பிறகும் அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒரு வரிதான் ஏறுகிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் கூடியபோது, மத்திய அரசு கொடுத்த நெருக்கடி என்றார்கள், மின்வாரியக் கடனைச் சீராக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் முந்தைய ஆட்சி போட்ட கையெழுத்து என்றார்கள். அந்தக் கையெழுத்தை நானா போட்டேன்?

புது டில்டிங் கிரைண்டர் எப்படி என்று கேட்பீர்கள். அரிசிக்கு அருமை, வழிக்கச் சுலபம். ஆனால் உளுந்து சின்னதில் பொங்குகிற மாதிரி இதில் பொங்குவதில்லை. அதனால் உளுந்துக்கும் மெதுவடைக்கும் இன்னும் பழையதுதான். மூன்றாவது பெல்ட்டும் இப்போது தளர்ந்துவிட்டது. வழக்கமான கடையில் இந்த அளவு வருவதில்லை என்கிறார்கள். ஈரோட்டில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.