மைலேஜ் தேடுவோருக்கு ஓபிடி ஸ்கேனர்: பழைய காரில் அதன் பயனும் எல்லையும்

பழைய காரின் மைலேஜைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை என நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவுக்கு மைலேஜைக் கூட்டிய ஒன்றையும் அது காணவில்லை. காரின் கணினி தன் கோளாறுகளைத் தானே கண்டறியும் ஓபிடி என்னும் அமைப்பிலிருந்து தகவலைப் படித்துக் கைபேசிக்கு அனுப்பும் கருவிதான் ஓபிடி ஸ்கேனர். எல்ம் 327 என்னும் சிப்பைக் கொண்ட வகையைச் சேர்ந்த மலிவான புளூடூத் ஸ்கேனர் இந்த வரிசையில் சேராது. அது தானாக ஒரு சொட்டு பெட்ரோலையும் மிச்சப்படுத்துவதில்லை; ஆனால் எரிபொருள் எதனால் வீணாகிறது என்பதைக் கண்டறிய உதவுகிறது. கையில் உள்ள சிறு தொகையை எந்தப் பழுதுக்குச் செலவிடுவது என்று தெரியாமல் தவிப்பவருக்கு அந்தத் தகவலே பெரிய உதவி.

ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் உள்ள 16 முனை ஓபிடி செருகியில் கருவியைப் பொருத்தி, கைபேசியில் ஒரு செயலியை நிறுவினால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி பார்க்கும் அளவீடுகளை நாமும் பார்க்கலாம். அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை. நன்கு ஓடிச் சூடேறிய பிறகு பெரும்பாலான என்ஜின்களில் அது 85 முதல் 105 டிகிரி செல்சியசுக்குள் நிற்கும். நெடுஞ்சாலையில் வெகுநேரம் ஓடியும் 65 அல்லது 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். என்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணினி கருதி எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்தக்கூடும். குளிர்ந்த எண்ணெயின் உராய்வும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். காரில் உள்ள முள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டாமல் போகலாம், எச்சரிக்கை விளக்கும் தாமதமாகவே எரியலாம். தெர்மோஸ்டாட் பொதுவாக விலை குறைந்த பாகம் என்பதால், பழைய காருக்கு இந்த ஒரு சோதனைக்காகவே கருவியை வாங்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதம் கெடாமல் காக்க உதவும் சென்சாரின் மின்னழுத்தம் பழைய பெட்ரோல் கார்களில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். மூப்படைந்த சென்சார் மந்தமாகும், சில வேளைகளில் கீழ்நிலையிலேயே நின்றுவிடும். கீழ்நிலை என்றால் எரிபொருள் போதவில்லை என்று பொருள்; கணினி அதை நம்பி எரிபொருளை மேலும் மேலும் கூட்டும். கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும் ஃப்யூயல் ட்ரிம் என்னும் அளவீடு 10 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த எண் உயர்ந்ததாலேயே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. காற்றுக் குழாயில் ஏற்பட்ட கசிவும், அழுக்கேறிய காற்றோட்டச் சென்சாரும் அதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

செயலி காட்டும் உடனடி மைலேஜ் எண்ணை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. பல கார்களில் செயலி அதை உள்ளே போகும் காற்றின் அளவிலிருந்து கணக்கிடுகிறது. கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடுவதைப் பல செயலிகள் கணக்கில் கொள்வதில்லை. டீசல் காரில் இந்தக் கணக்கு இன்னும் தவறும். தொட்டியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறையே நம்பகமானது.

வாங்கும்போது கவனம் தேவை. மூல எல்ம் 327 சிப்பை உருவாக்கிய எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்னும் கனடா நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல்களே. நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை என்றாலும், சில நகல்கள் புதிய கார்களின் கணினி தகவல் பரிமாறப் பயன்படுத்தும் கேன் நெறிமுறையுடன் மட்டுமே சரியாகப் பேசுகின்றன. பழைய கார்கள் பலவற்றுக்கு ஐஎஸ்ஓ 9141 அல்லது கேடபிள்யூபி 2000 நெறிமுறை வேண்டும் என்பதால், பொருந்தாவிட்டால் திருப்பித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்குவதே நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது குறைந்த ஆற்றல் புளூடூத் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதே செருகியில் மாட்டும் ‘எரிபொருள் சேமிப்பான்’ என்ற பெயரில் விற்கப்படுபவை முற்றிலும் வேறு. பிரித்துப் பார்க்கப்பட்ட பலவற்றில் மினுக்கும் விளக்குகளைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை.

செருகிக்குக் கார் அணைந்த பிறகும் பேட்டரி மின்சாரம் வரும் என்பதால், நாள்கணக்கில் நிறுத்திவைக்கும்போது கருவியைக் கழற்றிவிட வேண்டும். டயர் காற்று குறைந்திருப்பதையும் பிரேக் உரசிக்கொண்டு ஓடுவதையும் அது காட்டாது. எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தாத கார்பரேட்டர் காருக்கு இதனால் பயனே இல்லை. அத்தகைய கார் வைத்திருப்பவர் இந்தத் தொகையில் நல்ல டயர் அழுத்தமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதியைக் கார்பரேட்டரைச் சுத்தம் செய்யச் செலவிடலாம்.