பழைய எக்ஸ்பல்ஸ் 200: செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு எடுக்கலாமா?

ஹீரோவின் மண்பாதை பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 வெளிவந்தது 2019 மே மாதம். கார்ப்ரேட்டர் மாடல் 97,000 ரூபாய், இன்ஜெக்‌ஷன் மாடல் 1.05 லட்சம், இரண்டும் டெல்லி ஷோரூம் விலை. யாராவது பழைய பிஎஸ்-4 (முந்தைய புகை விதிப்படி வந்த) வண்டிக்குக் கிட்டத்தட்ட அதே விலை சொன்னால் இந்தக் கணக்கை நினைவுபடுத்துங்கள்.

வண்டி இந்த மண்ணுக்குப் பொருத்தமானதுதான், அதில் சந்தேகமில்லை. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. முன் ஷாக் அப்சார்பரான ஃபோர்க் 190 மி.மீ., பின் ஷாக்கான மோனோஷாக் 170 மி.மீ. வரை அமுங்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ. கண்மாய்க் கரை, தோட்டத்துத் தடம், பள்ளத்தூர் பக்கத்துச் சரளை ரோடு எல்லாம் இதற்கு விளையாட்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். சரளையில் பின் பிரேக்கை லாக் செய்து வண்டியைத் திருப்பத் தெரிந்தவர்களுக்கு அது குறையே இல்லை. திருச்சி ரோட்டில் 80, 85-க்கு மேல் விரட்ட நினைப்பவர்கள் வேறு வண்டி பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு வலை உண்டு: "வெளியூரில் இருக்கோம், ஊருக்கு வந்தா மட்டும்தான் ஓட்டுவோம், எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஆகலை." பூட்டிய வளவு வீட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி, முப்பதாயிரம் ஓடிய வண்டியைவிட அதிகச் செலவு வைக்கும். முதலில் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், ஈர ரோட்டில் வழுக்கும். டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். அடுத்து டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்ப்ரேட்டர் மாடலில், கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்சம் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பாட்டிலின் அடியில் தனி அடுக்கும் பழுப்புத் துகளும் தெரிந்தால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும், ஐடிலிங் பிடிக்காது, லேசாக ஆக்ஸிலேட்டர் திருகினால் திணறும். எல்லாம் அதன் வேலை. ஜெட்டைக் கழற்றி கிளீனரில் ஊறவைத்து ஏர் அடியுங்கள். ஊக்கு, கம்பி எதையும் உள்ளே விட வேண்டாம். பித்தளை ஓட்டை பெரிதானால் மைலேஜ் போய்விடும். அப்படியும் அடைப்பு போகாவிட்டால் மின்சார ஒயரில் உருவிய மெல்லிய ஒற்றைச் செம்பு இழை போதும். பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது முட்டும்வரை உள்ளே எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி வைத்து, திரும்பப் போடும்போது மெல்ல முட்டவிட்டு அதே அளவுக்குத் தளர்த்துங்கள்.

இன்ஜெக்‌ஷன் மாடலில் சாவி போட்டதும் பம்ப் இரண்டு, மூன்று விநாடி ரீங்கரிக்க வேண்டும். வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள்: ஆஃப் செய்து நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 14-ஐ ஒட்டி. ஏறவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

நிறைய கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு வேறு பரீட்சை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சிவந்தால் செம்மண் தூசி ஃபில்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையும் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. எண்ணெய் தோய்த்த பேப்பர் ஃபில்டருக்கு ஏர் அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். எண்ணெய் போய்விடும், பேப்பரும் கிழியும். கெட்டால் மாற்ற வேண்டியதுதான். இங்கே கம்பெனி சொல்லும் கிலோமீட்டரில் பாதிக்கே மாற்றிவிடுங்கள். டேப்பட் (எஞ்சின் வால்வுகளின் இடைவெளி) சத்தமே இல்லை என்று மெச்சவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வ் இறுகியிருந்தாலும் சத்தம் வராது. சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதில் அது தெரிந்துவிடும்.

ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீல் மாற்றச் சொல்லிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். மேலுள்ள டஸ்ட் சீலை நெம்பி மேலே ஏற்றி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கொக்கி போல வெட்டி, ஆயில் சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். சிவப்புச் சேறு வெளியே வரும், பல வண்டிகளில் ஒழுகலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். டொக் என்பது தளர்ந்தது. எஞ்சின் ஆயிலை வடிக்கும் சம்ப் போல்ட்டைச் சுற்றி எம்-சீல் பூசியிருந்தால் மரை போயிருக்கும், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு தினசரி எதிரி சீமைக் கருவேல முள். ஸ்போக் சக்கரம், டியூப் டயர் என்பதால் சின்ன முள்ளும் ரோட்டோரம் நிறுத்திவிடும். முள் டயருக்குள்ளேயே ஒடிந்து தங்குவதால், ஒட்டிய டியூப் அடுத்த கிலோமீட்டரிலேயே திரும்பப் பஞ்சராகும். கையால் தடவாதீர்கள், குத்தும். பஞ்சை வைத்து டயரின் உட்புறத்தைத் துடைத்தால் முள் முனையில் இழை சிக்கிக் காட்டிக்கொடுக்கும். 21 அங்குல டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்காது, எனவே பையில் ஒன்று வைத்திருங்கள். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனின் முன் டயரும் இதே 90/90-21 என்பதால் அந்த டியூபும் சேரும். ஆபத்துக்குப் பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம். மண்ணில் ஓட்டக் காற்று குறைப்பவர்கள் 18 பிஎஸ்ஐக்குக் கீழே போக வேண்டாம். கல்லில் மோதினால் ரிம் டியூபைக் கிள்ளிவிடும்.