யாரிடம் கேட்பது? மர்ம வாடிக்கையாளருக்கு முன் உள்ள மூன்று வழிகள்

சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குள் நுழைந்து, சேவையைக் கவனித்து, வெளியே வந்து அறிக்கை எழுதுவதுதான் மிஸ்டரி ஷாப்பர் எனப்படும் மர்ம வாடிக்கையாளரின் வேலை. இதில் சந்தேகம் கேட்கப் பக்கத்து மேஜையில் சக ஊழியர் என்று யாரும் கிடையாது. கடைகளுக்காக நம்மை அனுப்பும் ஏஜென்சியோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. சந்தேகங்களோ வந்துகொண்டே இருக்கின்றன. யாரிடமும் பேசாமல் இருப்பதா, பெரிய இணையக் குழுவில் கேட்பதா, நம்பிக்கையான இரண்டொருவரோடு நிறுத்திக்கொள்வதா? மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

பேசாமலே இருந்தால் எதுவும் கசியாது. ஆனால் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். "ஊழியர் நட்பாகப் பழகினார்" என்று நான் எழுதிய அறிக்கைகள் திரும்பத் திரும்ப என்னிடமே வந்தன. அறிக்கையைச் சரிபார்க்கும் எடிட்டருக்கு வேண்டியது என் அபிப்பிராயம் அல்ல. ஊழியர் நிமிர்ந்து பார்த்தாரா, என்ன சொன்னார், எத்தனை நொடி கழித்துச் சொன்னார் என்பதுதான். அனுபவசாலி ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். எனக்குப் பல மாதங்கள் ஆயின. தனிமையில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. முதல் வேலை என்ற பெயரில் ஒரு காசோலை வரும். அதை வங்கியில் போட்டு, பரிசு அட்டைகள் வாங்கி, அவற்றின் எண்களை அனுப்பச் சொல்வார்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று தெரியும்போது முழுத் தொகையும் நம் தலையில் விழும். கேட்க ஆள் இல்லாத புதியவர்தான் இதில் அதிகம் சிக்குகிறார்.

இந்த மோசடியை உடனே அடையாளம் காட்டுவதற்கும், எந்த ஏஜென்சி பணம் தர இழுத்தடிக்கிறது என்று அறிவதற்கும் பெரிய குழுவுக்கு ஈடு இல்லை. ஆனால் அங்கே யார் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு முறை, படம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்பதற்காக ஒரு ரசீதின் படத்தைப் போட்டேன். கடைப் பெயரைக் கவனமாக மறைத்திருந்தேன். கீழ் மூலையில் இருந்த ரசீது எண்ணையும் நேரத்தையும் மறைக்கவில்லை. அந்த எண் கையில் இருந்தால் கண்காணிப்புக் கேமராவில் என் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அன்று மாலையே அந்த வேலையைத் தந்த ஏஜென்சி என் கணக்கை மூடிவிட்டது. தவறு என்னுடையதுதான். அன்றிலிருந்து ஏஜென்சியின் பெயர், கடையின் பெயர், கூலி ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் சேர்த்து எழுதுவதில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அந்த இரண்டொருவரை எங்கே தேடுவது? 1998-இல் தொடங்கிய எம்எஸ்பிஏ என்ற தொழில் சங்கம் ஏஜென்சிகளுக்கான அமைப்பு. அது நேரடியாக வேலை தருவதில்லை. ஆனால் ஷாப்பர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சியும் சந்திப்புகளும் நடத்துகிறது. முகம் பார்த்துப் பழகியவரிடம் பேசும்போது, எதைச் சொல்லக் கூடாது என்பது இருவருக்குமே நினைவிருக்கும்.

அதற்காக நண்பர்களுக்கு விதிவிலக்கு இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு கிளையில் நான் என்ன கேட்டேன் என்று இதே வேலை செய்யும் தோழியிடம் சொல்லிவிட்டால், அடுத்து அங்கே போகும்போது அவர் கண் தானாகவே நான் கண்ட குறையைத் தேடும். அவரும் அதே கேள்வியைக் கேட்டால் ஊழியர் சுதாரித்துக்கொள்வார். ஒரே ஆளை ஒரே கிளைக்கு உடனே மறுபடியும் அனுப்பாமல் இடைவெளி விடுவதும் இதனால்தான். பல இடங்களில் அந்த ஊழியரின் ஊக்கத்தொகையே இந்த மதிப்பெண்ணைப் பொறுத்திருக்கிறது. அவரைப் பற்றி இரண்டு பேர் கலந்து பேசி ஒரே மாதிரி எழுதினால் அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஆகவே நானும் தோழியும் தொழில் நுணுக்கங்களை மட்டும் பேசிக்கொள்கிறோம். முதல் வணக்கம் எப்போது வந்தது என்பதைக் குறித்துவைக்க, அந்த நொடியிலேயே கைபேசியில் எனக்கு நானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கடையில் நின்றபோது அவருக்கு அந்த யோசனை வந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.